பதினாறு கால்சட்டைகளும் ஒரு விக்கிப் பக்கமும்

நம் சலவைச் சங்கத்தின் விக்கியை, அதாவது யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தக்கூடிய கணினிக் குறிப்பேட்டை, உங்கள் இருவரிடமும் ஒப்படைத்துவிட்டு வருகிற திங்கள் முதல் நான் பிரசவ விடுப்பில் போகிறேன். போவதற்கு முன் புதியவர்களுக்கு உபயோகமாக நாலு வார்த்தை எழுதி வைக்க வேண்டும் என்று செக்ரட்டரி சொன்னார். முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெறுகிறவர்கள் எழுத வேண்டியது இது. நான் இங்கே இருந்தது மூன்று வருடம்தான். ஆனால் முப்பது வருடத்துக்கான பயத்தை அந்த மூன்று வருடத்திலேயே பட்டு முடித்துவிட்டதால் எழுதலாம் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்லவில்லை. இந்தப் பத்தியையே நான்கு தடவை அழித்து எழுதியாகிவிட்டது.

எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது, படத்தை எப்படி ஏற்றுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதற்கு உதவிப் பக்கம் இருக்கிறது. அதை நான்தான் எழுதினேன், அதனால் தேவைக்கு மேல் நீளமாகவே இருக்கும். இங்கே நான் சொல்லப்போவது என் தவறுகளை. முதலில் சின்னத் தவறு. பிறகு பெரியது.

சின்னத் தவறு முதல் வாரத்தில் நடந்தது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுத்தவர், ஒவ்வொரு பத்தியும் தொடங்கும்போது இரண்டு விரல் அளவு இடம் விட வேண்டும் என்பார். விடாவிட்டால் அரை மதிப்பெண் போய்விடும். நான் வாழ்க்கையில் அந்த அரை மதிப்பெண்ணை ஒரு தடவைகூட இழந்ததில்லை. அதனால் விக்கியில் எழுதிய முதல் பக்கத்திலும் எல்லாப் பத்திக்கும் முன்னால் ஒழுங்காக இடம் விட்டேன். விக்கிக்கு அது பிடிக்காது என்று எனக்குத் தெரியாது. வரி இடைவெளியில் தொடங்கினால் அது அந்த வரியைச் சுற்றி ஒரு பெட்டி கட்டிவிடும், மடக்காமல் ஒரே வரியாக நீட்டியும் விடும். ‘கஞ்சி காய்ச்சும் முறை’ என்ற என் பக்கம் பெட்டிக்குள் அகப்பட்டு, வலது பக்கம் போய்க்கொண்டே இருந்தது. செக்ரட்டரி சுட்டியைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "மோளே, இது பாலம் கடந்து தேவரா வரைக்கும் போகும் போலிருக்கே" என்றார், தன் மலையாளம் கலந்த தமிழில். இடைவெளியை எடுத்ததும் எல்லாம் சரியாயிற்று. அதோடு பாடம் படித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இனி பெரிய தவறு.

நம் சலவைச் சங்கத்துக்கு வரும் துணியில் முக்கால்வாசி வெள்ளை என்பது உங்களுக்கு இந்த ஒரு வாரத்தில் தெரிந்திருக்கும். தங்கும் விடுதிகளின் விரிப்பு, ஆஸ்பத்திரிக் கோட்டு, வெலிங்டன் தீவிலிருந்து வரும் கப்பல்காரர்களின் சட்டை, சமையற்காரர்களின் மேலங்கி, எல்லாம் வெள்ளை. கலந்துபோனால் எது யாருடையது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. அதனால்தான் ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் அழியாத மையால் குறி போடுகிறோம். போடுகிறவரை எல்லோரும் மை அண்ணன் என்பார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. இங்கே எவ்வளவு வேலை தெரிந்தவர்களும் அவர் இல்லாத நாளில் துணியைப் பிரிக்கத் தயங்குவார்கள். ஏனென்றால் எந்தக் குறி யாருடையது என்பது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது.

குறிகளுக்குக் கூடத்தில் பெயர் உண்டு. நட்சத்திரம் எல்லோருக்கும் தெரியும். குறுக்கும் நெடுக்குமாக நான்கு கோடு போட்டால் வேலி. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு புள்ளி வைத்தால் பாம்புக்கடி. கோடுகளைப் படுக்கையாக அடுக்கினால் தண்டவாளம். மேலே சின்னதாக ஒரு கீறல் கீறினால் கொசு. நீளமாக நான்கு கோடு வரிசையாக வந்தால் வாய்க்கால். தண்டவாளமும் கொசுவும் துணி மடிப்பில் அழுக்கு போலத் தெரியும் என்பதால் அவற்றை மட்டும் மை அண்ணன் இரண்டு காலிலும் போடுவார். மற்றவை ஒரு காலில்தான்.

மட்டாஞ்சேரியில் தேவாலயப் பெருநாள் ஊர்வலங்களில் வாசிக்கும் ஒரு பேண்டு வாத்தியக் குழு நம் வாடிக்கை. பதினாறு பேர். ஒரே துணியில், ஒரே தையற்காரர் தைத்த பதினாறு வெள்ளைக் கால்சட்டைகள். ஏறக்குறைய எல்லாம் ஒரே அளவு. அந்த ‘ஏறக்குறைய’தான் பின்னால் எங்களைப் பிடித்தது.

மை அண்ணனின் தலைக்குள் இருப்பதை விக்கிக்குள் ஏற்று என்று செக்ரட்டரி சொன்னார். அப்போது விக்கி வந்து நான்கு மாதம். ஆறு மாதம் பார்ப்போம், உபயோகம் இல்லையென்றால் மறுபடி நோட்டுப் புத்தகத்துக்கே போய்விடுவோம் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. என் வேலையும் அந்த ஆறு மாதத்துக்குத்தான். எங்கள் வீட்டில் என் கணவரின் வேலை மழைக்காலத்தில் பாதியாகிவிடும். குழந்தைக்கு அப்போது மூன்று வயது. ஆகவே நான் மை அண்ணனின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல ஒரு புள்ளி விடாமல் அடித்தேன்.

"தோமாச்சன். பெரிய டிரம். ரெண்டு தண்டவாளம், ரெண்டு கால்லயும்."

பெயருக்கு முன்னால் இரண்டு சமக்குறி, பின்னால் இரண்டு சமக்குறி.

"கிளாரினெட் வாசிக்கிற லீடர். மூணு நட்சத்திரம்."

பெயருக்கு முன்னால் மூன்று நட்சத்திரம்.

இப்படிப் பதினாறு பேர். சேமி என்ற பொத்தானை அழுத்தினேன்.

பக்கம் அழகாக வந்தது. நான் ஒன்றுமே செய்யாமல் அவ்வளவு அழகாக வந்தது. பெரிய எழுத்தில் தலைப்புகள், கறுப்புப் புள்ளிகள், எண்கள், ஓரிடத்தில் சாய்ந்த எழுத்து, ஓரிடத்தில் தடித்த எழுத்து, அடியில் முழு நீளத்துக்கு ஒரு கோடு. மேலே தானாகவே ஒரு பொருளடக்கம் வேறு. செக்ரட்டரி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "புத்தகம் போல இருக்கே!" என்றார். குறிகள் காணவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனிக்காமல் இருக்க நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆனால் நட்சத்திரத்தைக் கணினி தனக்குத் தெரிந்த முறையில் இன்னும் நேர்த்தியாகப் போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். செக்ரட்டரி சந்தோஷமாக இருக்கும்போது கேள்வி கேட்பதற்கும் பயம்.

நடந்தது என்னவென்றால், மை அண்ணனின் குறிகளும் விக்கியின் குறிகளும் ஒன்றாகவே இருந்தன. வரியின் தொடக்கத்தில் நட்சத்திரம் வந்தால் விக்கிக்கு அது பட்டியல். மூன்று நட்சத்திரம் வந்தால் உள்ளே உள்ளே தள்ளிய பட்டியல். வேலி வந்தால் எண். பாம்புக்கடி வந்தால் வரியை உள்ளே தள்ளும். பெயருக்கு இரண்டு பக்கமும் தண்டவாளம் வந்தால் தலைப்பு. கொசு வந்தால் எழுத்து சாயும், தடிக்கும். வாய்க்கால் வந்தால் பக்கத்தையே வெட்டிக் கோடு போடும். ஒவ்வொரு குறியையும் தனக்கு இட்ட கட்டளையாக எடுத்துக்கொண்டு, சொன்னபடி செய்துவிட்டு, குறியை விழுங்கிவிட்டது.

செக்ரட்டரி அந்த அழகான பக்கத்தை அச்செடுத்துக் குழுவின் துணி மூட்டை மேலே ஒட்டி அனுப்பினார். வாடிக்கையாளர்கள் நம் நவீனத்தைப் பார்க்கட்டும் என்று.

பார்த்தார்கள். மறுநாள் காலையிலேயே லீடர் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். மீசையை மட்டும் தினமும் கவனிப்பவர்.

"சேச்சீ, இதெந்தா இது? ஞான் லீடரல்லே?"

"ஆமாம் சேட்டா."

"பின்னெ ஞான் எவிடெ?" என்று தாளை மேசையில் விரித்து, தன் பெயர் எங்கே என்று காட்டச் சொன்னார்.

மை அண்ணன் தண்டவாளக்காரர்களை முதலில் சொல்லியிருந்தார். ஆகவே தோமாச்சன் பக்கத்தின் மிகப்பெரிய தலைப்பு. அவருக்குக் கீழே மூன்று உபதலைப்புகள், எல்லாம் டிரம் ஆட்கள். பொருளடக்கத்தில் இருந்தது அந்த நான்கு பேர் மட்டும். அவர்களுக்குக் கீழே பட்டியல், பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் ஒரு பட்டியல். அங்கே, டிரையாங்கிள் தட்டுகிற பையனின் அடியில், ஒரு குட்டிப் புள்ளியோடு லீடர் இருந்தார்.

அவர் ஒருவர் என்றால் சமாளித்திருக்கலாம். வேலிக்காரர்கள் மூன்று பேருக்கும் எண் ஒன்று என்றே வந்திருந்தது. அவர்கள் மூவரும் தனித்தனியே தாங்கள்தான் முதல் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்களாம். ஜால்ரா போடுகிறவருடையது வாய்க்கால் குறி. பக்கத்தின் கடைசியில் நீளக் கோடு, அதற்குக் கீழே அவர் பெயர் மட்டும். அவர் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வராமல் சன்னலிலேயே நின்று கேட்டார்: "சேச்சி, என்னெ பிரிச்சு விட்டோ?" தோமாச்சன் ஒருவர்தான் புகார் சொல்லவில்லை. அவருடைய மனைவி அந்தத் தாளுக்கு இன்னொரு பிரதி கேட்டு அனுப்பியிருந்தார், கண்ணாடி போட்டு மாட்டுவதற்கு.

இங்கேதான் நான் செய்ததைக் கவனியுங்கள். ஒருவர் குறை சொன்னால் எனக்கு அன்று தூக்கம் வராது. பதினைந்து பேர் குறை சொன்னார்கள். நான் லீடரை மேலே ஏற்றினேன். தோமாச்சனை இறக்கினேன். அவர் மனைவியை நினைத்துக் கொஞ்சம் ஏற்றினேன். எல்லோரையும் தடித்த எழுத்தாக்கினேன். எல்லோரும் கத்துவதுபோல இருந்தது, மெலிதாக்கினேன். ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் விக்கி ஒரு சின்னக் கட்டத்தில் ‘என்ன மாற்றினீர்கள்?’ என்று கேட்கும். பெரும்பாலானவர்கள் அதை வெறுமையாக விடுவார்கள். எனக்குக் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. மனதில் உள்ளதையெல்லாம் எழுதினேன். கடைசியில் ஒரு பிற்பகல், வரிகளின் தொடக்கத்தில் இருந்த நட்சத்திரம், வேலி, புள்ளி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் துடைத்து எடுத்து, பதினாறு பெயர்களையும் அகரவரிசையில் சாதாரணமாக வைத்தேன். யாரும் பெரியவர் இல்லை, யாரும் சிறியவர் இல்லை. லீடர் வந்து பார்த்து, மீசையைத் தடவிவிட்டுப் போனார். அன்று நன்றாகத் தூங்கினேன்.

பக்கத்தில் பெயர் இருந்தது, வாத்தியம் இருந்தது, போன் நம்பர் இருந்தது. குறி மட்டும் இல்லை. துணியைப் பிரிக்க மை அண்ணன் இருந்ததால் ஒன்றரை மாதம் அது யாருக்கும் தெரியவில்லை.

பிறகு மை அண்ணன் தங்கை மகள் கல்யாணத்துக்காக நான்கு நாள் தென்காசிக்குப் போனார். மூன்றாம் நாள் பெருநாள் ஊர்வலம். நம் தெரு வழியாகவே போவது, ஐந்து மணிக்குத் தொடங்குவது. அந்தப் பெருநாளுக்கு இந்தக் குழுவை அழைத்தது அதுவே முதல் தடவை. கஞ்சி போட்டு விறைக்க வைத்து, கத்தி போல மடிப்பெடுத்துப் பதினாறு கால்சட்டைகளும் பிற்பகல் இரண்டு மணிக்கே இஸ்திரி மேசையில் தயாராக இருந்தன.

இஸ்திரிப் பகுதியைப் பார்க்கும் செல்வியை உங்களுக்குத் தெரியும். கணினிப் பக்கம் தலை காட்டவே மாட்டாள். அவளுடைய குரல் இஸ்திரி மேசையிலிருந்தே வந்தது: "எடீ, மூணு பாம்புக்கடி யாருக்கு? பொட்டலம் கட்டணும்."

நான் பக்கத்தைத் திறந்தேன். பதினாறு பெயர்கள் சமத்துவமாக நின்றன. மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலே பார்த்தேன்.

"அதில குறி இல்ல, செல்வி."

"குறி இல்லாத குறிப் புத்தகமா? நல்ல கதை. அப்போ அண்ணனைக் கூப்பிடு."

மை அண்ணனின் போன் அவர் புறப்படுவதற்கு முன்தினம் கஞ்சித் தொட்டிக்குள் விழுந்துவிட்டது; அதை எடுத்து அரிசி மூட்டைக்குள் காயப் போட்டிருந்தார்கள். அரிசிக் கஞ்சியில் விழுந்ததை அரிசியிலேயே வைத்திருக்கிறார்களே என்று அன்றைக்கு முதல் தடவையாகத் தோன்றியது. கல்யாண வீட்டு நம்பர் யாரிடமும் இல்லை.

மூன்று மணிக்கு லீடர் ஒன்பது பேரோடு வந்தார். மற்றவர்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் தங்க நிறப் பொத்தான் வைத்த சிவப்புச் சட்டை, கீழே கைலி. செக்ரட்டரிக்கு விஷயம் அதற்குள் போய்விட்டது. அவர் என் மேசைக்கு வந்து, சத்தம் போடாமல் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"மோளே, இன்னைக்கு இது நடக்கலைன்னா கமிட்டிக்கு முன்னால நான் ஒண்ணும் சொல்ல முடியாது. விக்கியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிடுவாங்க."

‘ஒண்ணும்’ என்பதில் நானும் அடக்கம் என்று புரிந்தது.

"போட்டுப் பார்த்துப் பிரிச்சுக்கட்டும். எத்தனை நேரம் ஆகும்?" என்று அவரே யோசனை சொன்னார்.

தோமாச்சன் முன்வந்தார். மேலே இருந்த ஒன்றை எடுத்து, துணி அடுக்குகளுக்குப் பின்னால் போனார். கஞ்சித்துணி நொறுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு ‘டப்’ என்று ஒரு சத்தம். ஒரு பொத்தான் உருண்டு வந்து செல்வியின் காலடியில் நின்றது. அவள் அதை எடுத்து ஒட்டுமொத்தக் குழுவுக்கும் காட்டினாள்.

"ஒரு ஆளுக்கு ஒரு பொத்தான்னா, பதினாறுக்கு எத்தனை?"

தோமாச்சன் வெளியே வந்தபோது கால்சட்டையில் கத்தி மடிப்பு எங்கேயும் இல்லை. லீடர் தலையில் கைவைத்தார். "மதி! இனி ஒருத்தரும் தொடண்டா! கசங்கியதும் இட்டு ஞங்ஙள் எங்ஙனெ ரோட்டில் இறங்ஙும்?" இத்தோடு போதும், கசங்கியதைப் போட்டுக்கொண்டு ரோட்டில் இறங்க முடியாது என்றார்.

மூன்று இருபது. அங்கன்வாடி விடும் நேரம். பக்கத்து வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டு பாப்பாவை அழைத்துக்கொள்ளச் சொன்னேன். சொல்லிவிட்டு, சொன்னேனா என்று சந்தேகம் வந்து மறுபடி கூப்பிட்டேன். அவர், "சொன்னீங்க. நான் இப்பக் குழந்தையோடதான் நடந்துட்டிருக்கேன்" என்றார்.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். விக்கியில் எதுவும் போவதில்லை என்பது எனக்கு அன்றும் தெரியும். ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் அதன் வரலாறு இருக்கிறது. ஒருவர் ஒவ்வொரு தடவை சேமித்ததும் நாள், நேரம், எழுதிய குறிப்போடு வரிசையாக நிற்கும். எந்தப் பழைய நிலையையும் திறந்து பார்க்கலாம். செல்வி ‘குறி இல்லாத குறிப் புத்தகமா’ என்று கேட்ட நிமிடமே அது ஞாபகம் வந்துவிட்டது. ஆனாலும் ஒன்றேகால் மணி நேரம் நான் அதைத் திறக்கவில்லை. நான் அந்த ஒரு பக்கத்தை எத்தனை தடவை மாற்றினேன் என்பது அதில் இருக்கும். கட்டத்தில் நான் எழுதிய குறிப்புகள் இருக்கும். அவற்றை எல்லோர் முன்னாலும் திறப்பதற்குப் பதிலாக, தோமாச்சன் ஒரு பொத்தானை இழந்தாலும் பரவாயில்லை என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்த நீண்ட குறிப்பில் எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

"சார், ஒரு வழி இருக்கு. ஆனா நீங்க எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நிக்கணும்" என்றேன்.

"எதுக்கு? நீயும் துணி மாத்தப் போறியா?" என்றாள் செல்வி. சிவப்புச் சட்டைகள் சிரித்தன. ஒருவரும் திரும்பவில்லை. முன்னைவிட நெருங்கி வந்தார்கள்.

வரலாற்றைத் திறந்தேன். நாற்பத்து மூன்று வரிகள். நாற்பத்து மூன்றும் நான்.

செக்ரட்டரிக்குத் திரையில் எது தெரிந்தாலும் வாய்விட்டுப் படிக்கிற பழக்கம்.

"‘லீடரை மேலே ஏற்றினேன்.’ செரி. ‘தோமாச்சன் வருத்தப்படுவாரோ.’ ‘மன்னிக்கவும்.’ ‘மறுபடியும் மன்னிக்கவும்.’ ஆர்கிட்ட மன்னிப்பு கேக்குறே மோளே? மெஷின்கிட்டயா? ‘லீடரை அரை அங்குலம் கீழே இறக்கினேன், அவர் கவனிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.’"

லீடருக்குத் தன் குழுவினரின் பெயர்களைத் தவிரத் தமிழ் வாசிக்க வராது, கேட்டால் புரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.

"‘இது சரியா என்று தெரியவில்லை.’ ‘முன்பு இருந்ததே சரி.’ ‘இல்லை.’ ‘பாப்பாவுக்குக் காய்ச்சல், மீதி நாளைக்கு.’ ‘செக்ரட்டரி சார் அழகாக இருக்கிறது என்கிறார், எனக்கு அப்படித்...’" அவர் நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மீதியையும் வாசிங்க சார்" என்றாள் செல்வி.

"நேரம் ஆச்சு" என்றார் செக்ரட்டரி.

பட்டியலின் அடிக்குப் போய், நான் முதன்முதலில் சேமித்த வரியைத் திறந்தேன். முதல் நாள் பக்கம் வந்தது. தலைப்புகள், புள்ளிகள், எண்கள், கோடு. அதே அழகு. குறி ஒன்றுகூட இல்லை. லீடர் மறுபடி டிரையாங்கிளின் அடியில் இருந்தார். "பின்னெயும் ஞான் அவிடெத்தன்னெ!" என்றார் பரிதாபமாக.

எல்லாம் போயிற்று என்று நினைத்து, எதை அழுத்துகிறோம் என்று தெரியாமல், அந்தப் பழைய பக்கத்தின் மேலேயே ‘தொகு’ என்பதை அழுத்தினேன். அழகு மறைந்தது. அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்து நான் அடித்த வெறும் வரிகள் வந்தன.

நான் அவற்றைப் புரிந்துகொள்வதற்குள் என் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. செல்வியின் கை. முதன்முதலாகக் கணினித் திரையைத் தொட்டவள் ஈரக்கையோடு தொட்டாள்.

"இது நம்ம வேலியில்ல? இது பாம்புக்கடி. இந்தா கொசு, ரெண்டு பக்கமும் இருக்கு. எடீ, எல்லாம் இங்கேயே கெடக்குதே! இத்தனை நாள் இதை எங்கடீ ஒளிச்சு வெச்சிருந்தே?"

நான் ஒளிக்கவில்லை. விக்கி அதை விழுங்கியது வெளியே காட்டும்போது மட்டும்தான். உள்ளே அப்படியே வைத்திருந்தது. எனக்கு அது கட்டளை போலத் தெரிந்தது, அவளுக்குத் துணி போலத் தெரிந்தது. அதன் பிறகு நான் பெயரை வாசித்தேன், அவள் குறியைப் பார்த்துவிட்டு மேசைக்குத் திரும்பி காலின் அடியை விரித்துப் பார்த்து எடுத்து எறிந்தாள்.

"ஒரு வேலி!"

"வர்க்கி."

"பிடி. வாய்க்கால்!"

ஜால்ராக்காரர் இந்தத் தடவை உள்ளேயே இருந்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கொசுவில் நான் தடுமாறினேன். இரண்டு கொசு ஒருவருக்கு, மூன்று கொசு இன்னொருவருக்கு. திரையில் அவ்வளவு சின்னக் கீறல்கள். இரண்டா மூன்றா என்று ஐந்து தடவை எண்ணினேன். ஐந்து தடவையும் ஒரே விடைதான் வந்தது, இருந்தாலும் ஆறாவது தடவை எண்ணத் தொடங்கினேன். செல்வி என் சுட்டியைப் பிடுங்கி மேசையின் அந்தப் பக்கம் வைத்தாள். "அஞ்சு தடவை எண்ணினா போதும். கொசு பறந்து போயிடாது."

லீடர் தன் பெயருக்காகக் காத்திருந்தார். கேட்கவில்லை. கேட்டு மறுபடி ஏதாவது கீழான இடம் வந்துவிடுமோ என்று பயந்தார் என்று நினைக்கிறேன். அந்தப் பயம் எனக்குப் பழக்கமானது, அதனால் தெரிந்தது.

"லீடர்" என்று வாசித்தேன். "மூணு நட்சத்திரம்."

"எந்து?"

"உங்க குறி சேட்டா. மூணு ஸ்டார்."

அவர் கால்சட்டையை வாங்கி, காலின் அடியை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். நீல மையில் மூன்று நட்சத்திரங்கள் இருந்தன. பல வருடமாக அங்கேதான் இருந்தன. யார் உள்பக்கம் பார்க்கிறார்கள்?

"எனிக்கு மூணு ஸ்டாரோ?" என்றார். பிறகு தோமாச்சனைப் பார்த்து, சாதாரணமாகக் கேட்பதுபோல, "நினக்கு எந்தா?"

"ரெண்டு கோடு" என்றார் தோமாச்சன்.

"ஓ. கோடு."

நாலே காலுக்குப் பதினாறு பேரும் போய்விட்டார்கள். கசங்கிய ஒன்றை செல்வி மறுபடி அழுத்தி, பொத்தானையும் தைத்துக் கொடுத்திருந்தாள். ஐந்தரைக்கு ஊர்வலம் நம் வாசலைக் கடந்தபோது நாங்கள் எல்லோரும் வெளியே நின்றோம். நான் கால்களை மட்டும் பார்த்தேன். எதுவும் கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை, எதுவும் தரையில் இழுபடவில்லை. முப்பத்திரண்டு கால். இரண்டு தடவை எண்ணினேன்.

லீடர் முன்னால் வந்தார். கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்காமலே நம்மைப் பார்த்துத் தலையசைத்தார். அவருடைய வலது காலின் அடி மட்டும் வெளியே மடித்து விடப்பட்டிருந்தது. வெள்ளைத் துணியில் மூன்று நீல நட்சத்திரங்கள் ஊருக்கே தெரியும்படி ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்கிப் போயின.

அன்றிரவே எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். ‘இதை அப்படியே காட்டு, கட்டளையாக எடுக்காதே’ என்று விக்கியிடம் சொல்வதற்கு ஒரு வழி உண்டு. அதைத் தேடிக் கண்டுபிடித்து ஒவ்வொரு குறியையும் அதற்குள் வைத்தேன். அது உதவிப் பக்கத்தில் ஏழாவது பகுதி, தயவுசெய்து படியுங்கள். கமிட்டியில் செக்ரட்டரி விக்கி இருக்கட்டும் என்றார். வாடிக்கையாளர்கள் கண்ணில் படாதபடி அந்த நாற்பத்து மூன்று வரியை மட்டும் மறைத்துவிடலாமா என்றும் கேட்டார், குறிப்பாகத் தன்னைப் பற்றிய வரியை. நான் வேண்டாம் என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் ‘வேண்டாம்’ அது. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் இரவு முழுக்க யோசித்தேன். காலையிலும் அது சரியென்றே பட்டது.

உங்களிடமும் புகார் வரும். உடனே மாற்றாதீர்கள், அந்த வரி எதற்காக அங்கே நிற்கிறது என்று, அதை வைத்து வேலை செய்கிறவரிடம் கேளுங்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால் காரணத்தைக் கட்டத்தில் எழுதுங்கள். அசட்டுத்தனமாக இருந்தாலும் எழுதுங்கள்.

மை அண்ணன் ஐந்தாம் நாள் ஊரிலிருந்து வந்தார். வாசலில் ஒரு கூட்டம் நின்றது. குழுவில் லீடரைத் தவிர மற்ற பதினைந்து பேர். கையில் ஆளுக்கொரு கால்சட்டை. தண்டவாளமும் வேண்டாம், வேலியும் வேண்டாம், எல்லோருக்கும் நட்சத்திரம்தான் வேண்டுமாம். தோமாச்சன் நான்கு கேட்டார்.

மை அண்ணன் மைக்குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்களைத் தாண்டி என் மேசைக்கு வந்தார்.

"நாலே நாள்தானேம்மா நான் இல்ல? என்ன பண்ணி வெச்சே?"

ஸ்டூலை அவருக்கு இழுத்துப் போட்டேன். பக்க வரலாற்றைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பி, முதல் வரியிலிருந்து நானே வாசிக்க ஆரம்பித்தேன்.